தாய்ப்பத்திரம் கேட்கிறோம், தாயைக் கேட்பதில்லை

போன வாரம் எங்கள் தெருவில் நாலாவது வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. யாரும் போய்க் கூட்டிவரவில்லை. கைப்பேசியில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, ஒரு பையன் பைக்கில் அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். வீட்டுக்காரர் எனக்கு இருபது வருஷப் பழக்கம். லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார்.

“எத்தனை நாள் குட்டி?” என்றேன்.

“முப்பத்தஞ்சு நாள் ஆச்சாம் சார்.”

“தாயைப் பாத்தீங்களா?”

“தாயா? அது எதுக்கு சார் நமக்கு?”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். நண்பர் இதைப் படிப்பார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பதிவுத்துறையில் எழுத்தராக முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் நான். அரை கிரவுண்டு மனை வாங்க வருகிறவர் எத்தனை காகிதம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தாய்ப்பத்திரம் எங்கே, முப்பது வருஷத்து வில்லங்கம் எங்கே, பட்டா யார் பேரில், வாரிசுச் சான்று உண்டா? இதே நண்பர் கூட, காத்திவாக்கம் நகராட்சியாக இருந்த காலத்தில் வீடு வாங்கியபோது என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். மூலப்பத்திரத்தில் ஒரு எல்லை மாறியிருந்ததற்காக மூன்று மாதம் காத்திருந்தார். மண்ணுக்கு அத்தனை விசாரணை. மண்ணுக்கு வலிக்காது, சாகாது, இரவில் அழாது. உயிருள்ள ஒன்றை வாங்கும்போது மட்டும் ‘படம் நல்லாருக்கு, விலை கம்மி’ என்று முடித்துவிடுகிறோம்.

இப்படி மற்றவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2019 மே மாதம். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. லாப்ரடார் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வடசென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நானே கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் கூடையில் ஆறு குட்டிகள், மேலே ஈரச்சாக்கு. எட்டாயிரம் சொன்னான், ஆறாயிரத்துக்குப் படிந்தது. “ஊசி போட்டாச்சு சார், ரெண்டு மாசக் குட்டி” என்றான். ஒரு சின்ன அட்டை கொடுத்தான். அதில் தேதியும் இல்லை, டாக்டர் பேரும் இல்லை, பதிவெண்ணும் இல்லை. அப்படி ஒரு பத்திரம் என் மேசைக்கு வந்திருந்தால் அந்த நிமிஷமே திருப்பியிருப்பேன். அன்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. நாலாம் நாள் வாந்தி. அன்று இரவே ரத்தமாகப் போக ஆரம்பித்தது. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடிந்ததும் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி அது. நம் பக்கத்து ஆடு மாடு நாய் எல்லாவற்றுக்கும் கடைசிப் புகலிடம். இளம் டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் சரியாக வெளியே வரவில்லை.

“இது ரெண்டு மாசக் குட்டி இல்ல சார். அஞ்சு வாரம் இருந்தா அதிகம்.”

பார்வோ. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஆறாம் நாள் காலை போய்விட்டது. பேரன் அழவில்லை. அட்டைப்பெட்டியை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாததை, பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த குட்டிக்கு நோய் எதிர்ப்பு தாயின் முதல் நாள் பாலில் வருகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆறு வாரத்திலிருந்து பதினாறு வாரத்துக்குள் தீர்ந்துபோகும். எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தாய் கொடுத்தது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து, சில வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஐந்து வாரக் குட்டியைக் காட்டி ‘ஊசி போட்டாச்சு’ என்று ஒருவன் சொன்னால், அந்த வார்த்தைக்குக் காலணா மதிப்பில்லை.

நோய் மட்டுமல்ல. மூன்றாவது வாரத்திலிருந்து குட்டி தன் கூடப்பிறந்தவைகளோடு கடித்து விளையாடுகிறது. பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், தாய் உறுமும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. முப்பதாம் நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் படிப்பே இல்லை. பிறகு வளர்ந்து வீட்டில் குழந்தையைக் கடித்தால் ‘இந்த இனமே இப்படி’ என்போம்.

கதைக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு கோபத்தோடு சந்தைக்குப் போனேன். விற்றவன் பதறவே இல்லை. “உங்க ஊட்டுத் தண்ணி ஒத்துக்கல சார். பரவால்ல, வேற ஒண்ணு எடுத்துக்கோங்க” என்றான். சட்டையில் பட்டன் போனால் மாற்றிக் கொடுப்பதுபோல. எனக்கு என்ன தோன்றியதோ, “தாயைக் காட்டு” என்றேன். “அது ஊர்ல கீது சார்” என்றான். நான் நகரவில்லை. போலீஸ் அது இது என்று சத்தம் போட்டேன். கடைசியில் சலித்துப்போய், கூட இருந்த பையனிடம் “இட்டுனு போய்க் காட்டுடா” என்றான்.

தகரக் கொட்டகை. மே மாத வெயில். உள்ளே இரும்புக் கம்பிக் கூண்டுகள். நான் தேடிவந்த லாப்ரடார் பெட்டை மூன்றாவது கூண்டில் இருந்தது. மடி தரையில் உரசியது. நகம் வளைந்து வளர்ந்திருந்தது, மண்ணில் நடந்தே பல நாள் ஆகியிருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை, வாலையும் ஆட்டவில்லை. “எத்தனை ஈத்து போட்டிருக்கும்?” என்று பையனைக் கேட்டேன். “யாருக்குத் தெரியும் சார்? வருஷத்துக்கு ரெண்டு” என்றான்.

அந்தப் பெட்டையை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பதினைந்தாயிரம் கேட்டான். பேரம் பேசியிருக்கலாம், வங்கியில் பணமும் இருந்தது. வாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். வாங்கியிருந்தால் அந்தப் பதினைந்தாயிரத்தில் இன்னும் இரண்டு பெட்டைகள் அந்தக் கூண்டுக்கு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனாலும் சில ராத்திரிகளில் அந்தச் சமாதானம் போதவில்லை.

அந்தக் கூண்டைப் பூட்டி வைத்திருந்தது விற்றவன் மட்டுமா? மாதாமாதம் வாடகை கட்டுகிறவர்கள் நாம். என் ஆறாயிரமும் அந்தத் தகரத்தில் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 2017-இல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு தனி விதிகள் போட்டது. குட்டி எடுத்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையையும், 8 வயது தாண்டிய பெட்டையையும் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈத்து, ஆயுளில் மொத்தம் 5 ஈத்து, அதற்கு மேல் கூடாது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. தோலுக்கடியில் சிப் வைத்திருக்க வேண்டும், பதிவேடு இருக்க வேண்டும். 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதி வந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தனாகச் சொல்கிறேன், நன்றாக எழுதப்பட்ட விதிகள்.

ஆனால் தாய்ச் சட்டத்தில் வதைக்கு என்ன தண்டனை தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். பல வருஷமாக அப்படியே நிற்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 50 ரூபாய்க்கு ஒரு மாத அரிசி வாங்கலாம். இன்று அந்தக் காசுக்கு அந்தப் பையன் இரண்டு டீயும் வடையும் சாப்பிடுவான். ஐம்பது ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? ஆகவே அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார வேண்டாம். இதே சென்னையில் சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை குட்டிகள் அங்கே விற்பனைக்குக் கிடைத்தன. கடைசியில் வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் அது மூடப்பட்டது. அரசாங்கப் பலகை தொங்கினாலும் உள்ளே போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இனி நம்மவர்கள் சொல்லும் சமாதானங்கள்.

“அந்தக் காலத்தில் மூர் மார்க்கெட்டில் வாங்கி வளர்த்தோமே, ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். 1985-இல் எரிவதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டை நானும் பார்த்தவன்தான். அன்று செத்த குட்டிகளை நாம் எண்ணவில்லை, ‘சீக்கு வந்து போச்சு’ என்று கடற்கரை மணலில் புதைத்தோம். இன்னொன்று, பார்வோ என்ற நோயே உலகத்துக்குத் தெரியவந்தது 1978-இல்தான். நம் தாத்தா வாங்கிய நாய்க்கு அந்தக் கிருமியைத் தெரியாது. அவர் அனுபவம் இதற்குச் சாட்சியாகாது.

“கென்னல் கிளப் பேப்பர் இருக்கு சார்” என்பது அடுத்தது. இந்திய கென்னல் கிளப்புக்குத் தலைமையகம் நம் சென்னையில்தான். அந்தப் பேப்பர் அப்பன் யார், ஆத்தாள் யார் என்று சொல்லும். ஆத்தாளின் இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. லாப்ரடார், அல்சேஷன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்தில் வரும். தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின் இணை சேர்ப்பவர்தான் யோக்கியமானவர். பத்திரம் சரியாக இருந்தாலும் மனையை நேரில் போய் அளக்கிறோம் அல்லவா? அதே கதைதான்.

“நாட்டு நாய் வாங்குகிறேன், அதற்கு இதெல்லாம் வேண்டாம்” என்பவர்களும் உண்டு. ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம். வெள்ளை நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது, நெருங்கிய உறவில் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் இன்னும் கூடுகிறது. குட்டியின் முதுகுப்பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். கன்டெய்னர் லாரி ஓயாமல் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையில் செவிட்டு நாய் எத்தனை நாள் இருக்கும்?

அப்புறம் ஹஸ்கி. சைபீரியப் பனிக்கு வந்த உரோமம். அதை அனல்மின் சாம்பலும் உப்புக்காற்றும் கலந்த நம் புழுக்கத்தில் மொட்டை மாடியில் கட்டி வைக்கிறார்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட சில இனங்களை இங்கே பெருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சில வியாபாரிகளுக்குக் கசக்கும். ஹஸ்கியைக் கேட்டால் என்ன சொல்லும்?

“காசு கொடுத்து நாய் வாங்குவதே தப்பு, தெருக்குட்டியை எடுத்து வளருங்கள்” என்கிற கட்சியோடு நான் சண்டை போட மாட்டேன். பாதி நானும் அந்தக் கட்சிதான். 1964-லிருந்து புளூ கிராஸ் சென்னையில் இருக்கிறது, அங்கே போனால் கண்ணால் நம்மைக் கேட்கும் குட்டிகள் எத்தனையோ. அதை எடுப்பவர்களுக்கு என் வணக்கம். ஆனால் இன நாய்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கள்ளச்சரக்குக்குப் போகாதீர்கள் என்று அவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

என் சித்தப்பா மகன் பிரான்சில் இருக்கிறான். நாங்கள் இருவரும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் அங்கே போனான், நான் அம்மா ஊரான காத்திவாக்கத்துக்கு வந்தேன். அங்கே 2021-இல் வந்த சட்டப்படி, 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்கக் கூடாது. முதன்முறையாக நாய் வாங்குகிறவர் அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய உறுதிப்பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு ஏழு நாள் கழித்துத்தான் நாய் கைக்கு வரும். அந்த ஏழு நாள் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசை அவசரப்படும், அதை ஒரு வாரம் வெளியே நிறுத்துகிறார்கள். சிறுவயதில் எங்களுக்கு லா ஃபோந்தேனின் ஓநாயும் நாயும் கதை மனப்பாடம். கொழுத்த நாயின் பேச்சில் மயங்கிக் கூடவே நடந்த ஓநாய், அதன் கழுத்தில் மயிர் உதிர்ந்த தழும்பைப் பார்த்துக் கேள்வி கேட்டது, பதில் வந்ததும் ஓடிவிட்டது. ஓநாய்கூடக் கழுத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது. நாம் படத்தைப் பார்த்து எடுக்கிறோம்.

2021-இல் மகள் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை நான் சொன்னபடி என்றேன். விசாரித்து விசாரித்து, பொன்னேரிக்கு அப்பால் ஒருவரைப் பிடித்தோம். போனில் நான் கேள்வி கேட்க வாய் திறக்குமுன் அவர் கேட்டார். “உங்க வயசு என்னங்க ஐயா?” எழுபது என்றேன். “லாப்ரடார் பன்னண்டு வருஷம் இருக்கும். உங்களுக்கு ஒண்ணுன்னா யார் பாத்துப்பாங்க?” எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாய் வாங்கப் போனால் எமனைப் பற்றிக் கேட்கிறானே என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. பெண் கொடுக்கிறவன்தான் மாப்பிள்ளையை இப்படி விசாரிப்பான். சரக்கு தள்ளுகிறவன் விசாரிக்க மாட்டான்.

நாலு மாதம் காத்திருந்தோம். நேரில் போனபோது, வேப்பமரத்தடியில் தாய் நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. எழுந்து வந்து என் கையை முகர்ந்தது, பிறகு குட்டிகளிடம் போனது. அதுவரை இரண்டே ஈத்து. பதிவுச் சான்று சுவரில் இருந்தது. டாக்டர் கையெழுத்தும் தேதியும் போட்ட ஊசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த நாள், பெற்றோரின் எக்ஸ்ரே எல்லாம் ஒரே கோப்பில். ஒன்பதாவது வாரம்தான் கொடுத்தார். “எப்பவாச்சும் வெச்சுக்க முடியலைன்னா தெருவுல விடாதீங்க, எனக்குத் திருப்பிக் கொடுங்க” என்று எழுதியே வாங்கிக்கொண்டார். விலை சந்தையைப்போல் நாலு மடங்கு. முதலில் வாங்கிய குட்டிக்கு ஆட்டோவும் ட்ரிப்ஸும் போட்டுக் கணக்குப் பார்த்தால், அதுவும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது இதை எழுதும்போது என் காலடியில் குறட்டை விடுகிறது. பெயர் பிஜூ.

பத்திரம் சரிபார்த்த பழக்கத்தில், பேரப்பிள்ளைகளுக்குக் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பட்டியல்:

1. தாயை அது வாழும் இடத்திலேயே நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால், ‘வழியில் வந்து தருகிறேன்’ என்றால், அத்தோடு முடிந்தது.
2. மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்று கேளுங்கள்.
3. தாயின் வயது, எத்தனையாவது ஈத்து, முந்தைய ஈத்து எப்போது என்று கேளுங்கள். உடனே பதில் வர வேண்டும்.
4. எட்டு வாரத்துக்கு முன் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.
5. ஊசி அட்டையில் டாக்டர் பெயர், பதிவெண், தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.
6. ஒருவரிடம் ஒரே நேரத்தில் ஐந்தாறு இனம் கிடைக்கிறது என்றால் அவர் வியாபாரி, வளர்ப்பவர் அல்ல.
7. உங்களை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று தனியாக. குட்டியை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் பிள்ளைகள். இரண்டு வருஷத்தில் வேலை என்று பெங்களூரோ துபாயோ போய்விடுவார்கள். முப்பது கிலோ நாயின் சங்கிலி நம் கையில் இருக்கும், முட்டிவலியோடு. ஆகவே வாங்கும்போது நமக்கும் ஒரு ஓட்டு உண்டு. ‘தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்ற பேரை இந்த ஒரு விஷயத்தில் எடுக்காதீர்கள்.

நண்பர் வீட்டுக் குட்டி நேற்று ராத்திரி பூராவும் அழுதது, என் ஜன்னல் வரை கேட்டது. புது இடம் பழகவில்லை என்கிறார் அவர். இடத்துக்காக அழவில்லை, முப்பத்தைந்து நாள் குட்டி யாரைத் தேடி அழும் என்று நமக்குத் தெரியாதா? நாளைக் காலை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். அவரையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வேப்பேரிக்குப் போகிறேன். எங்கே வாங்கினாலும் உயிர் உயிர்தானே. வழியில் அவரிடம் அந்தப் பைக் பையனின் நம்பரை வாங்க வேண்டும். போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்: தாய் எங்கே?